நாரந்தனைக்குப் போன கொம்பியூட்டர்

செய்முறைப் பரீட்சைக்கு ஆய்வுகூடத்தை ஆயத்தம் செய்வது எப்படி என்று, புதிதாகப் படிப்பிக்கப் போகிற உங்களுக்கெல்லாம் ஒரு கைநூல் தந்திருக்கிறார்கள். நானும் வாங்கி வாசித்தேன். நல்ல கைநூல். வயர்களைச் சரிபார், மின் ஆளிகளைச் சரிபார், மேலதிகமாக ஓர் இயந்திரம் வைத்திரு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பஞ்சாங்கத்தைச் சரிபார் என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதியவர்கள் ஒருநாளும் தீவுப்பகுதியில் படிப்பித்திருக்க மாட்டார்கள்.

நான் வேலணையில் கணித ரீச்சராக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. கணக்குத் தெரிந்தவருக்குக் கணினி தானாக வரும் என்ற அரிய தத்துவத்தின்படி என்னைப் பட்டணத்துக்கு இரண்டு கிழமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் நான் பொறுப்பாசிரியை. பொறுப்பு என்னிடம், சாவி அதிபரிடம். இந்தப் பாகப்பிரிவினை உங்களுக்கும் பழக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கொம்பியூட்டரும் இருக்கும். படம் காட்டுவதற்கு ஒரு சின்னத் தொலைக்காட்சிப் பெட்டி. எழுதியதைச் சேமிப்பது பாட்டுக் கேட்கிற கசெற்றில். ரெக்கோடரைப் பொருத்திச் சேமிக்கும்போது கீய்ய் என்று ஒரு சத்தம் வரும், பல்லுக் கூசும். சேமிப்பதற்கு முன் கரண்ட் போனால் அவ்வளவுதான், தட்டியதெல்லாம் காற்றோடு போய்விடும்.

இப்படியான இயந்திரங்கள் ஐந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. வந்த அன்று மேளம் அடித்தோம். அதன்பின் அதிபர் அவற்றைப் பொலித்தீனால் சுற்றி, மேலே வெள்ளைத் துணி போர்த்தி, யன்னலுக்கு ஆணி அடித்து, கதவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தரிசனம். ஒரு பிள்ளை தட்ட, மற்றப் பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"பாவிச்சால் தேஞ்சு போகும் ரீச்சர்," என்பார் அதிபர். "சோதினைக்குப் புதுசா இருக்கவேணுமெல்லோ."

நாய் பெற்ற தெங்கம்பழம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தானும் தின்னாது, பிறரையும் தின்னவிடாது. அதிபருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரந்தர நியமனம் கையில் வரும்வரை எல்லோருக்கும் வாய் அப்படித்தான் இருக்கும்.

ஆகவே நான் பிறிஸ்ரல் மட்டையில் விசைப்பலகை கீறினேன். பிள்ளைகள் மட்டையில் தட்டிப் பழகினார்கள். நிரலைக் கொப்பியில் எழுதி, வரி வரியாக மனதுக்குள் ஓட்டி, பிழை பிடித்தார்கள். பாய் விரித்து நீச்சல் பழக்குகிற மாதிரி ஒரு வருடம் படிப்பித்தேன். ஆத்திரமாகத்தான் இருந்தது.

பரீட்சைக்கு நான்கு பேர். அதில் ஒருத்தி நளாயினி, புங்குடுதீவு மடத்துவெளிப் பிள்ளை. தகப்பனுக்குத் தெற்கில் ஒரு கடை இருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அதைத் தீக்குக் கொடுத்துவிட்டு, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து புகையிலை நட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்துபோன மனிதர். பட்டணத்தில் ஒரு கணக்காய்வு நிலையம், இந்தச் சான்றிதழ் இருந்தால் நளாயினியைப் பயிற்சிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தது. அதே நேரம் பாரிசிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்திருந்தது. மாப்பிள்ளையின் படம் வந்தது, குரல் கசெற்றில் வந்தது. ஆள் மட்டும் வரவில்லை.

தகப்பன் என்னிடம் நேரே சொன்னார். "ரீச்சர், பாஸ் பண்ணினால் பிள்ளை வேலைக்குப் போகட்டும், நான் மறிக்கமாட்டன். இல்லையெண்டால் பாரிசுக்கு ஓம் எண்டு சொல்லப்போறன். இஞ்ச வைச்சிருந்து நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ."

நளாயினி பக்கத்தில்தான் நின்றாள். "அப்பா வழக்கை முடிச்சுப்போட்டார் ரீச்சர், இனித் தீர்ப்புத்தான்," என்றாள். வாய்க்காரி. எனக்கு அவளில் ஒரு தனி விருப்பம், மறைக்க என்ன இருக்கிறது.

பரீட்சை சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆய்வுகூடத்தை ஆயத்தம் செய்ய அதிபர் கதவைத் திறந்துவிட்டார். திறந்ததும் சாம்பிராணியும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு மணம் முகத்தில் அடித்தது. பொலித்தீனை அவிழ்த்தால் உள்ளே வேர்வை. கடற்காற்று ஊருக்குள்ளே சும்மாவா வீசுகிறது, உப்பை ஏற்றிக்கொண்டல்லவா வருகிறது? அதைப் பொலித்தீனுக்குள் அடைத்து ஒரு வருடம் வைத்திருக்கிறோம். ஓர் இயந்திரம் மூச்சுக் காட்டவேயில்லை. மேலதிகமாக ஒன்று இருக்கிறது என்று நினைத்திருந்தது அதோடு போயிற்று. நான்கு பிள்ளைகள், நான்கு இயந்திரங்கள்.

மற்றொன்றில் பல எழுத்துகள் அமுங்கின, எழும்பவில்லை. பார்த்தால் சந்தனம். நவராத்திரி வாணி விழாவுக்கு அதிபர் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். இந்த இயந்திரம் பூசைமேடையில் கும்பத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். அதனால் அதற்குப் பக்தி கொஞ்சம் அதிகம்.

"சேர், விசைக்குள்ளை சந்தனம் போய் இறுகியிருக்குது," என்றேன்.

"அது குற்றமில்லை ரீச்சர். சரஸ்வதியின்ர வாசல் எல்லோ."

"சரஸ்வதி வருவா சேர். எழுத்து வராது."

அவருடைய மனைவியின் ஓடிக்கொலோன் போத்தலை வாங்கிப் பஞ்சில் நனைத்து, ஒவ்வொரு விசையாகத் துடைத்தேன். கைநூலில் அதுவும் இல்லை. மாலையாவதற்குள் நான்கு இயந்திரங்களும் ஓடின, ஆய்வுகூடம் கலியாண வீடு மாதிரி மணத்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அந்தத் திருப்தி இருக்கிறதே, பரீட்சைக்கு முந்திய நாள் வருகிற திருப்தி, அதை நம்பாதீர்கள்.

சனிக்கிழமை காலை பரீட்சகர் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர், குடை, கைப்பை, முகத்தில் பசி. ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிக்கவேண்டும். பன்னிரண்டுக்கு எங்கள் பகுதிக்குக் கரண்ட் வெட்டு. அப்போது முறை வைத்துக் கரண்ட் தருவார்கள். எங்களுக்குப் போனால் நாரந்தனைப் பக்கத்துக்கு வரும். எல்லாம் கணக்காகத்தான் இருந்தது.

அதிபர் வந்தார். பட்டு வேட்டி, மூன்று குறி திருநீறு. சாவி இடுப்பில். கதவு திறக்கப்படவில்லை.

"பத்தரைக்குத் திறப்பம்," என்றார்.

"ஏன் சேர்?"

"இண்டைக்குச் சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை இராகுகாலம். முதல் முதலாச் சோதினை நடக்கப்போகுது, நல்ல நேரம் பாக்காமல் திறக்க ஏலாது."

பரீட்சகர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவர் விதிமுறை, சுற்றறிக்கை, நேர அட்டவணை என்று எல்லாவற்றையும் எடுத்து விட்டார். அதிபர் பணிவாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் மறுக்கேல்லை ஐயா, பத்தரைக்குத் திறப்பம்," என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பதை நான் கதையில்தான் கேட்டிருந்தேன்.

பத்தரைக்குத் திறந்தால் பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். மூன்று மணித்தியாலப் பரீட்சை பாதியாகிவிடும். விறாந்தையில் நான்கு பிள்ளைகளும் நிற்கிறார்கள். வாசலில் நளாயினியின் தகப்பன் சைக்கிளோடு நிற்கிறார்.

பிள்ளைகளே, இப்படியான நேரத்தில் சண்டையை வெல்லப் பார்க்காதீர்கள். நான் அதிபரோடு இராகுவைப் பற்றி வாதாடியிருந்தால் பத்தரை வரைக்கும் வாதாடியிருக்கலாம். நான் கேட்டது ஒரேயொரு கேள்வி.

"சேர், கதவு திறக்கத்தான் இராகுகாலம். வினாத்தாளைக் குடுக்கிறதுக்கும் பஞ்சாங்கத்தில தடை இருக்கோ?"

அவர் யோசித்தார். பஞ்சாங்கம் வினாத்தாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லைப்போலும். "அது குடுக்கலாம்," என்றார்.

பரீட்சகரும் கடிகாரத்தைப் பார்த்து, பிறகு சரி என்றார். ஒன்பது மணிக்கு விறாந்தையில் வாங்குப் பலகை போட்டு வினாத்தாளைக் கொடுத்தோம். பிள்ளைகள் நிரலைக் கடதாசியில் எழுதி, வரி வரியாக மனதுக்குள் ஓட்டிப் பிழை பிடித்தார்கள். ஒரு வருடமாகச் செய்த வேலைதானே. ஒரு பிள்ளை மட்டை விசைப்பலகையைக் கூட எடுத்து மடியில் வைத்துத் தட்டிப்பார்த்தது. பின்னாளில் அதிபர் இதைப் பற்றிக் கூட்டங்களில் பேசினார்: "அதுக்காகத்தான் நான் அந்தக் காலத்திலேயே மட்டையில படிப்பிக்கச் சொன்னனான்." கேட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். கைதட்டினேன் கூட.

பத்தரைக்குத் தேங்காய் உடைத்துக் கதவு திறந்தது. பிள்ளைகள் கடதாசியைப் பக்கத்தில் வைத்துத் தட்டத் தொடங்கினார்கள். ஒரு மணித்தியாலத்தில் நான்கு நிரல்களும் ஓடின. அடுத்தது சேமிப்பு. ரெக்கோடர் ஒன்றுதான், காலையில் தேவாரம் போடுகிற ரெக்கோடர். ஒவ்வொருவராகச் சேமிக்கவேண்டும்.

"இப்பவே துவங்குவம்," என்று பரீட்சகரிடம் கெஞ்சினேன். "கரண்டை நம்பி இருக்க ஏலாது."

"கடைசிப் பத்து நிமிஷம்தான் சேமிக்கலாம் எண்டு போட்டிருக்கு," என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "சரி, செய்யுங்கோ" என்றார். கீய்ய். முதல் பிள்ளை முடிந்தது. கீய்ய். இரண்டு. கீய்ய். மூன்று. ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு நளாயினியின் மேசைக்குப் போனேன். வயரைப் பொருத்தினேன். அவள் விசையில் விரலை வைத்தாள்.

கரண்ட் போய்விட்டது.

பன்னிரண்டாக இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி கொஞ்ச நேரம் நின்று அணைந்தது. ஒன்றரை மணித்தியாலத்தை இராகுவுக்குத் தத்தம் பண்ணாமல் இருந்திருந்தால்!

செய்தி வாசலுக்குப் போக நேரம் எடுக்கவில்லை. தகப்பன் உள்ளே வந்தார். கோபமில்லை அவரில், களைப்புத்தான். "விதி இப்பிடி எண்டால் நாங்கள் என்ன செய்யிறது? வா பிள்ளை, போவம்."

நளாயினி எழும்பவில்லை. "அப்பா, கரண்ட் போனதுக்கு நான் ஏன் கலியாணம் கட்டவேணும்?"

அதிபர் திருநீற்றைத் தடவினார். பரீட்சகர் குடையைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில்தான் மூளை வேலை செய்தது. நமக்குப் போன கரண்ட் இப்போது எங்கே வந்திருக்கும்? நாரந்தனையில். நாரந்தனையில் யார் இருக்கிறார்கள்? அதிபரின் தங்கச்சி.

"சேர், உங்கட கார் ஓடுமோ?"

"ஓடும். ஏன்?"

"இந்த இயந்திரத்தைத் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோவம்."

அதிபரின் முகம் கறுத்துப்போனது. "என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? ஆய்வுகூடத்தை விட்டு இது வெளியில போறதோ?"

"சேர், மூலவர் உள்ளுக்கை இருக்கட்டும். எழுந்தருளி வெளிவீதி வாறது வழமைதானே?"

ஐந்தில் ஒன்று ஏற்கெனவே அசையாமல்தான் இருந்தது, மூலவர் வேலைக்கு அது போதும். நான் பகிடியாகச் சொல்லவில்லை, பிள்ளைகளே. அவருக்கு விளங்குகிற பாஷையில் சொன்னேன். அதிபர் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து, இயந்திரத்தைச் சுற்றி, தானே தூக்கினார்.

இனி இணங்கவேண்டியவர் பரீட்சகர். "பரீட்சை நிலையம் எண்டு இந்தப் பள்ளிக்கூடத்தின்ர பேர்தான் போட்டிருக்குது," என்றார்.

"நீங்களும் பிள்ளையும் இயந்திரமும் எங்கை இருக்கிறியளோ அதுதான் ஐயா நிலையம். அவள் எழுதின கடதாசியை இப்பவே நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கோ. ஓடினதை நீங்கள் கண்ணால கண்டனீங்கள். அதில இருக்கிறதைத் திரும்பத் தட்டினால் போதும்."

"தங்கச்சி வீட்டில இண்டைக்கு ஒடியல் கூழ்," என்று அதிபர் மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத மனிதர், நண்டும் இறாலும் போட்ட கூழைப் பற்றி அவ்வளவு விபரமாக எப்படி அறிந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. பரீட்சகர் குடையை எடுத்தார்.

காரில் முன்னுக்கு அதிபரின் மடியில் இயந்திரம். அவருடைய மருமகன் கார் ஓடினான், அதிபருக்குக் கைகள் வேண்டியிருந்தன. பின்னுக்குத் தொலைக்காட்சிப் பெட்டியோடும் ரெக்கோடரோடும் நானும் நளாயினியும் பரீட்சகரும். தகப்பன் சைக்கிளில் பின்னால் மிதித்து வந்தார். ஒவ்வொரு குழிக்கும் அதிபர் "மெல்ல, மெல்ல" என்றார். மனைவியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனபோதும் அவ்வளவு கவனமாகப் போயிருக்கமாட்டார்.

நாரந்தனையில் கரண்ட் இருந்தது. முன்னறைக் கோலுக்குள் மேசையில் எல்லாவற்றையும் பொருத்திமுடிக்க, வாசலில் சனம். தொலைக்காட்சிப் பெட்டியைக் காரிலிருந்து இறக்கினால் அந்த நாளில் அதற்கு ஒரே அர்த்தம்தான், வாடகைக்கு வீடியோ எடுத்திருக்கிறார்கள். "என்ன படம் அக்கா?" என்று கேட்டுக்கொண்டு பாயோடு வந்தவர்களும் உண்டு.

பரீட்சகர் கடதாசியை நளாயினியிடம் கொடுத்தார். "இதில இருக்கிறதை மட்டும் தட்டும். புதுசா ஒரு வரியும் எழுதக்கூடாது." அவள் தட்டினாள். முடித்து ஓட்டினாள். ஓடவில்லை. எங்கோ பிழை என்று திரை சொன்னது.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொல்லில் ஓர் எழுத்து விழவில்லை. என் கண் அந்த வரியில் நின்றது, என் வாய் திறக்கப் பார்த்தது. பரீட்சகர் என்னைப் பார்த்தார். "ரீச்சர், நீங்கள் கொஞ்சம் குசினிப் பக்கம் போங்கோ."

போனேன். அவர் செய்தது சரி. என் முகமே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. உங்களுக்கும் ஒருநாள் இது வரும். பிள்ளையின் பிழை உங்கள் கண்ணுக்கு முன்னால் நிற்கும், ஒரு விரல் நீட்டினால் போதும். நீட்டாதீர்கள். நீட்டினால் அந்தச் சான்றிதழ் உங்களுடையது, அவளுடையதல்ல. எழுந்து குசினிக்குப் போங்கள். போவது லேசு என்று நான் சொல்லவரவில்லை.

குசினியில் அதிபரின் தங்கச்சி கூழைத் துழாவிக்கொண்டிருந்தா. அகப்பையை என் கையில் தந்தா. துழாவினேன். கோலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. "படம் துவங்கேல்லையோ?" என்று ஒரு கிழவனின் குரல். கூழ் அடிப்பிடித்தது. "ரீச்சர், துழாவுங்கோ!" என்று தங்கச்சி ஏசினா. என்னால் ஏலவில்லை. அழுகை வந்தது. முருகா முருகா என்று கும்பிட்டுக்கொண்டு நின்றேன். அதிபரைக் கேலி செய்த அதே வாய்தான்.

கீய்ய்ய் என்றது.

"இதென்ன கோதாரிப் பாட்டு!" என்றார் அந்தக் கிழவன். என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சங்கீதம் நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். நளாயினி வேர்த்து விறுவிறுத்து இருந்தாள், விழாத எழுத்தைத் தானே கண்டுபிடித்துப் போட்டிருந்தாள். பரீட்சகர் கசெற்றை எடுத்து உறையில் போட்டு, ஒட்டி, கையெழுத்து வைத்தார். அதன்பின் மனிதர் மூன்று கோப்பை கூழ் குடித்தார். தகப்பன் முற்றத்தில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "பிள்ளை சாப்பிட்டிட்டாளோ?" என்று மட்டும் கேட்டார்.

முடிவு வந்தபோது நான்கு பேரும் சித்தி. தகப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பாரிசுக்கு வேண்டாம் என்று மறுமொழி எழுதினார், பட்டணத்து நிலையம் நளாயினியை எடுத்தது. பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. அதிபர் சீமெந்துக் கட்டடம் அதிரப் பேசினார். பிறகு எல்லோரையும் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய், நாரந்தனைக்குப் போய் வந்த இயந்திரத்துக்கு ஒரு மல்லிகை மாலை போட்டார். பிள்ளைகளுக்கு மாலை இல்லை. அவர்களுக்கு ஒரு சோடாவும் கேக் துண்டும்.

சனம் கலைந்தபிறகு நளாயினி அதிபரிடம் வந்தாள். நான் கதவடியில் நின்றேன்.

"சேர், திங்கட்கிழமை வேலைக்குப் போறன். அதுக்கு முதல் ஒருக்கா இதில இருந்து தட்டிப் பாக்கலாமோ? ஆரும் பாக்காமல், நேரம் வைக்காமல்."

அதிபர் சிரித்தார். உண்மையிலேயே அன்பாகத்தான் சிரித்தார். "சோதினைதான் முடிஞ்சு போச்சே பிள்ளை. பேந்தும் ஏன்?"

"ஓம் சேர். அதுதான் இனிப் பழகலாம் எண்டு கேட்டனான்."

அவர் மாலையைச் சரிசெய்துவிட்டு, வெள்ளைத் துணியை எடுத்து அதன் மேலே போர்த்தினார்.